செல்வியின் பன்னிரண்டு இலக்கம்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனும் கையுமாக நான் தவித்த தவிப்பு... எதிரிக்கும் வேண்டாம்.

திண்டிவனத்தில் ஒரு மசாலா பேக்கிங் கம்பெனியில் நான் பர்சனெல் ஆபீசர். எங்களிடம் நாலு செல்விகள் (பேரை மாற்றியிருக்கிறேன்). ஒருத்தி ஃபைலில் இன்னொருத்தி லீவ் லெட்டர் போய் உட்காரும். அதனால் போன வருஷம் நான்தான் ஐடியா கொடுத்தேன் — ஆதார் நம்பரையே ஃபைல் நம்பராக வைத்துவிடலாம்! பன்னிரண்டு இலக்கத்தைத் தட்டினால் கம்ப்யூட்டரில் ஆள் வந்து நிற்கும். முதலாளி பாராட்டினார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

செவ்வாய்க்கிழமை ஐந்தேகால் மணிக்கு ரிசப்ஷன் ஜெயமேரி சாதாரணமாகச் சொன்னாள்:

"மேடம், பேக்கிங் செல்வியோட அண்ணன் போன் பண்ணாருங்க. அம்மாவுக்கு சீரியஸாம். நம்ம கம்பெனி வேன் அவங்கள எங்க இறக்கி வுடும்னு கேட்டாரு, சொல்லிட்டேன்."

"அண்ணன்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்தச் செல்வின்னு கேட்டேன், ஆதார் நம்பரை கடகடன்னு சொன்னாருங்களே!"

இந்தச் செல்விக்கு அண்ணனே கிடையாது. புருஷன் உண்டு. அவன் அடி தாங்காமல்தான் கண்டமங்கலம் பக்கத்திலிருந்து ஓடி வந்து, அக்கா வீட்டில் இருக்கிறாள். எந்த ஊர் என்று உங்களிடமும் சொல்ல மாட்டேன். கூடக் குடித்தனம் நடத்தியவனிடம் அவளுடைய ஆதார் ஜெராக்ஸ் இருக்காதா என்ன?

வேன் கிளம்பிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. விழுப்புரத்தில்தான் இறங்குவாள். செல்விக்கு அடித்தேன் — சுவிட்ச் ஆஃப். டிரைவர் ஏழுமலை அண்ணனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி... மறுபடி... வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்று சர்க்குலர் போட்டது யார்? நானேதான்!

ஆறாவது தடவை எடுத்தார். "டோல்கேட்ல நிக்கிறேம்மா."

விஷயத்தைச் சொன்னேன். குறுக்குக் கேள்வியே கேட்கவில்லை.

"இன்னா பேஜாரும்மா இது... நீங்க வைங்க. ஸ்டாப்புல நிறுத்த மாட்டேன். நேரா மகளிர் ஸ்டேஷனுக்கே வண்டிய வுட்டுக்கினு போறேன்."

போனார். வேனிலிருந்த மற்ற பெண்கள் ஒருத்திகூட வீட்டுக்குக் கிளம்பவில்லை. செல்வி புகார் எழுதிக் கொடுக்கும்வரை ஸ்டேஷன் வாசலிலேயே நின்றார்கள். அவன் ஸ்டாப்பில்தான் காத்திருந்தான். போலீஸ் போய்க் கூட்டி வந்தது.

மறுநாள் செல்வியிடம் மன்னிப்பு கேட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"சிம் கார்ட மாத்தினேன் மேடம். ஊர மாத்தினேன். அந்த நம்பர மட்டும் எப்படி மாத்தறது, சொல்லுங்க?"

புருஷன், ஜெராக்ஸ் கடை, சிம் கடை என்று ஊரெல்லாம் சுற்றும் ஒரு நம்பரை, சொன்னவுடன் கதவு திறக்கும் சாவியாக்கி வைத்தது நான்தானே?

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லா ஃபைலையும் மாற்றினோம். இப்போது ஆளுக்கொரு மூன்று இலக்க நம்பர், கம்பெனி போட்டது. செல்வி இறங்கும் இடமும் மாறிவிட்டது. போனில் யார் யாரைப் பற்றிக் கேட்டாலும் ஜெயமேரியிடம் ஒரே பதில்: "நேர்ல வாங்க."

வெள்ளிக்கிழமை, நான் ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டேனா என்று கேட்ட என் வீட்டுக்காரருக்கும் அதே பதில்தான். மனிதருக்கு மகா கோபம். நான் ஜெயமேரிக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தேன்!