ஆம்ப்ரோஸ் மாஸ்டர் வீட்டில் அடைக்கலமான டெலஸ்கோப்புகள்

ஆம்ப்ரோஸுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பூசைக்குப் போனால் பிரசங்கம் முடிவதற்குள் வெளியே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். சாப்பிடும்போது பாதியில் எழுந்து, ஆடுகிற ஜன்னல் கொக்கியை நிமிர்த்திவிட்டு வந்து மறுபடி உட்காருவார். அவர் மனைவி அல்போன்சா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். “துள்ளுற நோயாளியைக் கட்டிலோட சேர்த்துக் கட்டிடலாம், இந்த மனுஷனை என்ன பண்றது?” என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

இப்படிப்பட்ட ஆளுக்கு வானத்தைப் பார்க்கிற பைத்தியம் பிடித்ததுதான் வேடிக்கை. பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு சின்ன பித்தளை டெலஸ்கோப் அவரிடம் இருந்தது. அதற்கு ஸ்டாண்டு செய்வதும் பிரிப்பதும் மறுபடி செய்வதுமாக இருப்பார். நிலாவைப் பார்த்த நேரத்தைவிட மரத்தை இழைத்த நேரம்தான் அதிகம்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் தியாகராய நகரில் வக்கீல் வேங்கடவரதன் வீட்டு மாடியில் ஒரு சின்னக் கூட்டம் கூடும். வக்கீலிடம் இருந்தது சீமையிலிருந்து வந்த டெலஸ்கோப். ஆள் உயரத்துக்கு வெள்ளைக் குழாய். அதைத் தாங்கும் மவுண்டு வேறு, தேர் மாதிரி. கனத்த இரும்புத் தூண், அதன் மேல் சாய்ந்த அச்சு, பாகை கீறிய பித்தளை வட்டங்கள். ஒரே ஒரு திருகை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும். நட்சத்திரம் மேற்கே நகர நகரக் குழாயும் கூடவே நகரும். வக்கீல் அந்தத் திருகை இரண்டு விரலால் பிடித்துக் காட்டுவார்.

“பாத்தேளா, ஒரு விரல் பலம் போதும். வெண்ணெய்ல கத்தி போறாப்பல போறது.”

வந்தவர்கள் தலையாட்டுவார்கள். ஆளுக்கொரு நொடி நிலாவைப் பார்ப்பார்கள். அதற்குள் வக்கீல் பித்தளை வட்டங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அவருடைய மனைவி மட்டும் மாடிக்கே வரமாட்டாள். “சனி நம்மளப் பாக்கக் கூடாதுன்னு கோயில் கோயிலாச் சுத்தறோம். நாமளே போய் அதைப் பாக்கணுமாக்கும்?” என்று கீழேயிருந்து காப்பியை மட்டும் அனுப்பிவிடுவாள்.

கூட்டத்துக்குத் தவறாமல் வரும் இன்னொருவர் ராயப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த குலாம் முகம்மது. அவருடைய குழாய் கறுத்துப் போய், பார்க்க லட்சணமாக இராது. ஒரு கப்பல் கேப்டனின் சாமான்களை ஏலம் போட்டபோது வாங்கியது. அதை ஒரு முக்காலியில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். யாராவது பக்கத்தில் நடந்தாலே கண்ணாடிக்குள் நிலா குதிக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். பாயும் சேர்ந்து சிரிப்பார்.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஏப்ரலில் ஊர் கலைந்தது. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு, விசாகப்பட்டினத்தில் குண்டு, அடுத்து மெட்ராஸ்தான் என்று பேச்சு. இங்கே அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. ஜட்கா வண்டி கிடைக்கவில்லை, ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அல்போன்சாவுக்கு ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாது. அதனால் ஆம்ப்ரோஸும் இருந்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டியில் பெரிய தேக்குப் பெட்டி. பின்னாலேயே வக்கீல்.

“நாங்க கும்மோணம் கிளம்பறோம். ஆத்துல யாரும் இல்லை. பூட்டின ஆத்துல இதை விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது. சர்ச்சுக்குப் பக்கத்துல அவன் குண்டு போட மாட்டான்னு சொல்றா. உங்காத்துல இருக்கட்டும்.” பெட்டியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: “திறக்க மட்டும் திறக்காதேள். உங்க கை சும்மா இருக்காதுன்னு தெரியும்.”

மறுநாள் குலாம் முகம்மது தன் குழாயைக் கோணியில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். குடும்பத்தோடு ஆம்பூர் போகிறாராம். “நல்லா எடுத்துப் பாருங்க மாஸ்டர். சும்மா கிடந்தா என்ன லாபம்? கண்ணாடியைத் துடைக்க மட்டும் வேணாம்.”

அல்போன்சா காலையில் டியூட்டிக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ஆம்ப்ரோஸுக்குச் செய்ய வேலையும் இல்லை, பேச ஆளும் இல்லை. கூடத்தில் தேக்குப் பெட்டி. அதைச் சுற்றி நடந்தார். கடற்கரை வரைக்கும் போய் வந்தார். பெட்டியை மூலைக்குத் தள்ளினார். மூலையில் வெயில் படுகிறது என்று நடுவே இழுத்தார். ஆணி துருப்பிடிக்கிறதா என்று பார்த்தார். கடல் காற்றில் உள்ளே பித்தளை என்ன ஆகிறதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் போதுமானதாக இருந்தது.

பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பாகமாக மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பூட்டினார். திருகை இரண்டு விரலால் திருப்பினார். வெண்ணெயில் கத்திதான். குழாயைச் சர்ச் கோபுரத்தின் உச்சிச் சிலுவைக்குத் திருப்பிக் கண்ணை வைத்தார்.

சிலுவை தெரிந்தது. ஆனால் ஓரமெல்லாம் ஊதா நிறம் கசிந்திருந்தது. எவ்வளவு திருகியும் விளிம்பு கூர்மையாகவில்லை. தண்ணீருக்குள் கிடக்கும் சிலுவை மாதிரி இருந்தது. தான்தான் எங்கோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று நினைத்தார். கழற்றிப் பூட்டினார். கண் வைக்கிற இடத்தில் வேறு கண்ணாடி போட்டார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஊதா போகவில்லை.

அப்புறம் கோணியைப் பிரித்தார். குலாம் முகம்மதின் கறுத்த குழாய்க்கும் வக்கீலின் மவுண்டுக்கும் அளவு சேராது. இரண்டு கட்டைகளைச் செதுக்கி நடுவே கொடுத்து, தன் இடுப்பு பெல்டைக் கழற்றி இறுக்கினார். மறுபடி சிலுவை.

கல்லில் கீறியது போல நின்றது. சிலுவையின் கையில் ஒரு காக்கை உட்கார்ந்து கழுத்தைக் கோதிக்கொண்டிருந்தது. அதன் மூக்கின் பளபளப்புகூடத் தெரிந்தது. பொழுது சாய்ந்ததும் மேற்கே இருந்த வியாழனைப் பிடித்தார். இரண்டு பட்டைகளோடு ஒரு சின்னத் தட்டு, பக்கத்தில் வரிசையாக அதன் நிலாக்கள். எதுவும் குதிக்கவில்லை. ஆம்ப்ரோஸ் கண்ணை எடுத்தார், வைத்தார், மாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

கேட்க ஆள் வந்தது. குண்டு எச்சரிக்கைக்காகத் தெரு வார்டனாக நியமித்திருந்த பவுல்சாமி, தலையில் இரும்புத் தொப்பியோடு மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினார்.

“மாஸ்டர், இன்னா பண்ணிக்கினு கீறீங்க? பீரங்கி கணக்கா இன்னா இது? கடலாண்ட சிக்னல் காட்டுறீங்கன்னு தெருவுல பேசிக்கினு கீறாங்க!”

“கடல் கிழக்கே இருக்கு பவுல்சாமி. இது மேற்கே பார்க்குது. வந்து கண்ணை வைங்க.”

பவுல்சாமி தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். “நட்சத்திரத்துக்குக் கூட குஞ்சு கீதா?” என்றார் கடைசியில். பிறகு வார்டன் வேலை ஞாபகம் வந்துவிட்டது. “நல்லாத்தான் கீது. ஆனா போலீசு பாத்தா என்னையும் சேத்துல்ல புடிப்பான். இப்பவே உள்ள எடுத்து வையுங்க.”

இரண்டு பேருமாகத் தூக்கிக் கீழே வைத்தார்கள்.

அல்போன்சா வந்ததும், அவள் செருப்பைக் கழற்றுமுன்பே எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கேட்டுவிட்டு, “வக்கீலுக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரிஞ்சிருந்தா அப்படிக் காட்டுவாரா?”

“அப்ப நீங்க வாயைத் திறக்காதீங்க. அந்த மனுஷனுக்கு அதுலதான் பெருமை. திறக்காதேன்னு சொன்ன பெட்டியையும் திறந்திருக்கீங்க.”

“சொல்லமாட்டேன்,” என்றார் ஆம்ப்ரோஸ். அப்போது உண்மையாகத்தான் சொன்னார்.

குண்டு விழவில்லை. மழைக்காலத்துக்கு முன்பே ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பெட்டி தியாகராய நகருக்குப் போனது, கோணி ராயப்பேட்டைக்குப் போனது. சனிக்கிழமைக் கூட்டம் மறுபடி கூடியது. வக்கீல் கோர்ட் சிநேகிதர்கள் சிலரையும் அழைத்திருந்தார். நிலா இருந்தது. திருகை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார்.

ஆம்ப்ரோஸ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டிய கையை அவிழ்த்தார். கைப்பிடிச் சுவர் வரை போய் வந்தார். கோர்ட் சிநேகிதர் ஒருவர், “ஓரமெல்லாம் ஊதாவா இருக்கே?” என்று கேட்டார். “அது நிலாவோட வர்ணம், ஸ்வாமி,” என்றார் வக்கீல்.

“இல்லை சார்,” என்று ஆம்ப்ரோஸின் வாய் சொல்லிவிட்டது. “லென்ஸ் சரியில்லை. பாயோட லென்ஸ்ல அந்த ஊதா இல்லை. உங்க மவுண்டுல அதை வெச்சுப் பார்த்தேன். மவுண்டு தங்கம் சார். குழாய்தான்…”

வக்கீல் திருகிலிருந்து விரலை எடுத்தார்.

“பெட்டியைத் திறந்தேளா?”

“திறந்தேன் சார்.”

வக்கீல் மூடியை எடுத்து லென்ஸின் மேல் மாட்டினார். “மழை வர்றாப்பல இருக்கு. இன்னிக்கு இவ்வளவு போதும்,” என்றார். வானத்தில் மேகமே இல்லை.

பனகல் பார்க் வரைக்கும் ஆம்ப்ரோஸும் குலாம் முகம்மதும் சேர்ந்து நடந்தார்கள். பிறகு பாய் நின்றார்.

“ஏன் மாஸ்டர் சொன்னீங்க? அந்த லென்ஸ் விஷயம் எனக்கு எப்பவோ தெரியும்.”

“தெரியுமா? ஏன் பாய் சும்மா இருந்தீங்க?”

“என் ஸ்டாண்டு ஆடுறதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறாங்க. இருந்தாலும் நான் ஏன் வர்றேன்? கடைக் கணக்கு, துணி, வீடு, இதை விட்டா எனக்குப் போக வேற இடம் இல்லை. வானத்தைப் பத்திப் பேச அந்த ஒரு மாடிதான் இருந்துச்சு.”

அன்றைக்கு வீட்டில் ஆம்ப்ரோஸ் சாப்பிடவில்லை.

கூட்டம் நின்றுபோனது. சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் ஆம்ப்ரோஸின் கால்கள் தானாகத் தியாகராய நகர் பக்கம் போகும். வக்கீல் வீட்டுத் தெருமுனை வரை போவார். மாடியில் விளக்கு இல்லை. தயங்கி நின்றுவிட்டுத் திரும்புவார். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஒரு நாள் கேட்டைத் தொட்டார். ஆனால் எதற்கு மன்னிப்பு, பெட்டியைத் திறந்ததற்கா, உண்மையைச் சொன்னதற்கா என்று குழப்பம் வந்து, கையை எடுத்துக்கொண்டார். மறுபடி திறந்த பள்ளிக்கூடத்தில் பையன்கள் வரைந்த படத்தையெல்லாம் தானே அழித்துத் திருத்தினார். அல்போன்சா கடைசியில், “நீங்க பேசுனது தப்பா இல்லையாங்கறது இருக்கட்டும். அத்தனை பேருக்கு நடுவுல பேசுனது தப்பு,” என்றாள். அவருக்கும் அது சரி என்று பட்டது. பட்டும் பாரம் குறையவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு சாயங்காலம் வாசலில் கைரிக்‌ஷா மணி கேட்டது. வக்கீல். பின்னால் ஒரு வண்டி. அதில் தூணும் அச்சும் பித்தளை வட்டங்களும். வெள்ளைக் குழாய் மட்டும் இல்லை.

“சீமைக்கு லென்ஸை அனுப்பலாம்னா யுத்தத்துல கப்பலே போகலை,” என்றார் வேங்கடவரதன். ஆம்ப்ரோஸின் முகத்தைப் பார்க்காமல் தூணையே பார்த்துக்கொண்டு பேசினார். “இத்தனை நாளும் ராத்திரி தனியா உக்காந்து அதையே பாத்துண்டிருந்தேன். நீங்க சொன்னப்புறம் எனக்கு ஊதாவைத் தவிர ஒண்ணுமே தெரியலை. நிலாவைக்கூட ரசிக்க முடியலை. சரி, போறது. பாயோட குழாயை இதுல வெச்சேளே, எப்படி இருந்தது?”

“சார், அன்னிக்கு நான் எல்லாருக்கும் முன்னாடி…”

“அதை விடுங்கோ. எப்படி இருந்தது, அதைச் சொல்லுங்கோ.”

“சொல்லத் தெரியலை சார்.”

“அப்போ காட்டுங்கோ.”

ஆம்ப்ரோஸ் செருப்புகூடப் போடாமல் ராயப்பேட்டைக்கு ஓடினார். குலாம் முகம்மது கடையை அப்படியே வேலையாள் பொறுப்பில் விட்டுவிட்டு, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். மூன்று பேரும் சேர்ந்து மாடியில் பூட்டி முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கடலுக்கு மேலே சனி எழுந்திருந்தது. பவுல்சாமி கீழேயிருந்து ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் பார்க்காதவர் மாதிரி நடந்து போனார்.

வக்கீல் குனிந்தார். வளையம் நன்றாக விரிந்திருந்த காலம் அது. அவர் திருகைத் தொடவில்லை. வளையம் மெல்ல மெல்ல நகர்ந்து விளிம்புக்குப் போய் மறைந்தது. அதன் பிறகுதான் விரல் திருகைத் தேடியது. மறுபடி பிடித்தார். மற்ற இருவரும் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்; அவர் விடவில்லை.

அந்த மவுண்டு அப்புறம் தியாகராய நகருக்குத் திரும்பவே இல்லை. சனிக்கிழமைகளில் சாந்தோம் மாடியில் கூட்டம் கூடியது. வரும் புதியவர்களிடம் வக்கீல் அச்சைத் தொட்டு, “இது என்னோடது,” என்பார். குலாம் முகம்மது குழாயைத் தட்டி, “இது நம்மளது,” என்பார். யுத்தம் முடிந்து வக்கீலுக்குச் சீமையிலிருந்து வேறு லென்ஸ் வந்தது. நல்ல லென்ஸ்தான். ஆனாலும் மாடியில் முதலில் பூட்டுவது கறுத்த குழாயைத்தான்.

நாற்பத்தெட்டில் ஆம்ப்ரோஸுக்கு இருமல் நோய் வந்தது. பேசாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஒரு மாசம் படுத்தார். அல்போன்சா லீவு போட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். அந்த மாசச் சனிக்கிழமைகளில் மாடியில் பேச்சுச் சத்தம் கேட்கும். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, யார் எதை எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்று காலடியை வைத்தே சொல்லிக்கொண்டிருப்பார். “பாய் தெற்கே திருப்புறாரு. அங்க தென்னை மறைக்குமே,” என்பார். அல்போன்சா படியேறிப் போய் அதைச் சொல்லிவிட்டு வருவாள். சில நாள் உடனே வரமாட்டாள். கேட்டால், “என்னையும் பார்க்கச் சொன்னாங்க,” என்பாள்.

“என்ன பார்த்தே?” என்று அவர் எழுந்து உட்காருவார்.

“முதல்ல படுங்க, சொல்றேன்,” என்பாள் அவள்.