எண்பது தௌ

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. சிலோனிலிருந்து கப்பலேறி வந்து மண்டபம் முகாமில் இருந்தபோது, அப்பாவும் அம்மாவும் எல்லாக் காகிதங்களிலும் கைநாட்டு வைத்தார்கள். பதினோரு வயதில் நான் மட்டும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அங்கே தேவையே இல்லை, குமாஸ்தா திட்டினார். இருந்தாலும் போட்டேன்.

அதன் பிறகு குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்களைச் சேர்த்தார்கள். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா கான் வெட்டினார். மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சரிவில் வெட்டும் வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். அது அவருடைய வேலையல்ல. சிலோனில் அவர் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய ஆயில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டவர். வெள்ளைக்காரத் துரையின் காரையும் அவர்தான் பிரித்துப் பூட்டுவார். இங்கே அதற்குச் சர்டிபிகேட் கேட்டார்கள். அவரிடம் கைகள்தான் இருந்தன.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் குன்னூரில் டைப்ரைட்டிங் படிக்கத் தொடங்கிய வருடம், பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இருந்த ஒர்க்ஷாப்பில் அப்பாவுக்குத் தினக்கூலி வேலை கிடைத்தது. முதலாளி கோயமுத்தூர்க்காரர். அப்பா எஸ்டேட்டில் இரண்டு மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதாவது நான் எழுதினேன், அவர் கைநாட்டு வைத்தார். இரண்டு மாதத்துக்குள் ஒர்க்ஷாப்பில் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை என்றால் மறுபடியும் மண்வெட்டிதான். லீவில் பாதி முடிந்தபோது அந்தக் கார் வந்தது.

காரின் சொந்தக்காரர் ஒரு தோட்ட முதலாளியின் மகன். மலைப்பாதையில் நடக்கும் கார் பந்தயத்தில் ஓட்டப்போகிறவர். பம்பாயிலிருந்து ஒரு பெரிய கேம் ஷாஃப்டை வரவழைத்திருந்தார். எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு அது. தண்டில் இருக்கும் மேடுகள் உயரமாக இருந்தால் வால்வு அதிகமாகத் திறக்கும், அதிக நேரம் திறந்திருக்கும், எஞ்சினுக்கு மூச்சு கூடும், கார் பறக்கும். ஆனால் பிஸ்டன் மேலே ஏறி வரும் நேரத்தில் வால்வு கீழே இறங்கி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் போதுமான இடைவெளி இல்லையென்றால் இடித்துக்கொள்ளும். வால்வு வளையும், பிஸ்டன் உடையும். அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டுத்தான் எஞ்சினை மூட வேண்டும்.

எப்படிப் பார்ப்பது, எவ்வளவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் கேம் ஷாஃப்டோடு வந்த நான்கு பக்க டைப் காகிதத்தில் ஆங்கிலத்தில் இருந்தது.

“ஏனுங்க, இதப் படிச்சுச் சொல்ல ஆளு இருக்குதுங்களா?” என்று முதலாளி கேட்டிருக்கிறார்.

“எம் மக படிக்கும் மொதலாளி. எஸ்.எஸ்.எல்.சி.,” என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் இதைச் சொல்லச் சந்தர்ப்பம் தேடிக்கொண்டே இருப்பார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் போனேன். “வாங்க அம்மிணி,” என்றார் முதலாளி. “இந்த எஞ்சின் நல்லபடியா ஓடிருச்சுன்னா உங்கப்பன மாசச் சம்பளத்துக்கு எடுத்துக்கறனுங்க. அதனால பாத்துப் படிங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் காகிதத்தை விரித்தேன்.

முதல் பக்கம் சுலபம். பிஸ்டன் தலையில் களிமண் போன்ற ஒன்றை அப்பி, மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை மாட்டி முறுக்கி, எஞ்சினைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பிறகு ஹெட்டைக் கழற்றினால் வால்வு அமுக்கிய தடம் களிமண்ணில் இருக்கும். அதன் மெலிந்த இடத்தை அளந்தால் அதுதான் இடைவெளி.

எந்தக் களிமண் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா வீட்டிலிருந்து ரொட்டி மாவு கொண்டுவந்தார். சிலோன்காரர்கள் வீட்டில் கோதுமை மாவு எப்போதும் இருக்கும். விரலால் அமுக்கிப் பார்த்தால் மாவு மெல்ல மேலே எழும்பியது. திருப்பிக் கொண்டுபோனபோது அம்மா சிரித்தாள். “ரொட்டி மாவு எழும்பாம என்னா செய்யும்? ஒங்க எஞ்சினுக்குப் பயந்துக்கிட்டு படுத்துக்கிருமா?” கடைசியில் பங்களா ஜன்னல்களில் கண்ணாடி பதிக்கும் மக்கு கிடைத்தது. அமுக்கினால் அமுக்கின இடத்திலேயே நின்றது.

இரண்டாம் பக்கத்தில்தான் அளவு. காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வுக்கு எண்பதுக்குக் குறையாமல், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு நூறுக்குக் குறையாமல். எண்களுக்குப் பின்னால் டி, எச், ஓ, யூ என்று நான்கு எழுத்துகள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலச் செய்யுளில் வந்தது, ‘தௌ’ என்று படித்தோம். பழைய ஆங்கிலம். ‘நீ’ என்று பொருள். டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டு நான் மனப்பாடம் செய்தது.

எண்பது நீ. நூறு நீ.

“எண்பது என்னா புள்ள?” என்று அப்பா கேட்டார்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லை அப்படியே வாய்விட்டுப் படித்திருந்தாலே போதும். ஆனால் முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அதைவிடப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டைப் அடித்தவன் ஏதோ தவறாக அடித்துவிட்டான் என்று தீர்மானித்தேன். மேசைமேல் ஒர்க்ஷாப்பின் வெர்னியர் அளவுகோல் கிடந்தது, மில்லிமீட்டர் கோடுகளோடு. எண்களை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக எடுத்துக்கொண்டேன்.

“புள்ளி எண்பது மில்லிமீட்டர்ப்பா. எக்ஸாஸ்ட்டுக்கு முழுசா ஒரு மில்லிமீட்டர்,” என்றேன்.

முதலாளி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். “சரியாத்தானுங்க இருக்குது,” என்று தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்.

அப்பா மக்கை அப்பினார். வால்வுகளில் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவினார். ஹெட்டை முறுக்கி, முன்பக்க நட்டில் ஸ்பேனரைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். எங்கேயும் தட்டவில்லை. கழற்றிப் பார்த்தபோது மக்கில் டம்ளர் விளிம்பை வைத்து அழுத்தியதுபோல இரண்டு வளைவுகள். பிளேடால் அறுத்து மெலிந்த இடத்தை அளந்தார். இன்லெட் பக்கம் ஒன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் ஒன்று புள்ளி ஆறு.

“தாராளமா இருக்கு,” என்றார். அன்றே எஞ்சினை மூட ஆரம்பித்தார்கள்.

இது புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பந்தயம். வெள்ளிக்கிழமை நான் சாப்பாடு கொண்டுபோனபோது எஞ்சின் முழுவதுமாகப் பூட்டியாகிவிட்டது. அப்பா ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்ன பாயிண்டுகளின் நடுவே ஒரு மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்து இழுத்துக்கொண்டிருந்தார். வேலை செய்யும்போது தனக்குள் பேசிக்கொள்வது அவர் பழக்கம்.

“பதினஞ்சு தௌ... பதினஞ்சு தௌ... இந்தா, வந்திருச்சு.”

சாப்பாட்டுத் தூக்கை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. “என்னாப்பா சொன்னீங்க?”

“எத?”

“தௌன்னு சொன்னீங்களே.”

“அதுவா? ஒரு இஞ்ச் நீளத்த ஆயிரம் துண்டா வெட்டுனா அதுல ஒரு துண்டு. எங்க தொரை அப்புடித்தான் சொல்லுவாரு. அவருகிட்ட இருந்து எனக்கும் ஒட்டிக்கிச்சு. இங்கன நான் சொன்னா பயலுக சிரிக்கிறானுக.”

டைப்ரைட்டிங் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எண்பது தௌ என்றால் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நூறு தௌ இரண்டரை. எங்களிடம் இருந்தது ஒன்று புள்ளி மூன்றும் ஒன்று புள்ளி ஆறும்.

“அப்பா, அந்தக் காயிதத்துல தௌன்னுதான் போட்டிருந்திச்சு. நாந்தான் மில்லிமீட்டர்னு சொல்லிட்டேன்.”

அவர் தகட்டைத் துணியில் துடைத்து மடக்கினார். “அந்தச் சொல்ல ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எனக்குத் தெரியலன்னு ஒங்களுக்குத் தெரிய வேணாம்னு.”

அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எஞ்சினைப் பார்த்துக்கொண்டே பேசினார். “கையால சுத்துனப்போ தட்டல. இப்ப ஸ்டார்ட் பண்ணுனாலும் தட்டாது. மேட்டுல முறுக்கிப் புடிச்சு ஓட்டுறப்போ வால்வு ஸ்பிரிங்கு தாக்குப் புடிக்காது, வால்வு மூடப் பிந்திப்போவும். அதுக்குத்தான் அம்புட்டு எடம் கேக்குறான். வளைவுல வச்சு எஞ்சின் ஒடஞ்சா காரு ஓட்டுற அந்தப் புள்ள பள்ளத்துல போயிரும்.” பிறகு சொன்னார்: “நான் அளவெடுத்தது தப்புன்னு மொதலாளிகிட்ட சொல்லிர்றேன். நீ வூட்டுக்குப் போ.”

“அப்புடிச் சொன்னா ஒங்கள வச்சுக்க மாட்டாரு.”

“ஒன்னப் படிச்ச புள்ளன்னு இங்கன எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்,” என்றார் அப்பா.

அது எனக்குப் பொறுக்கவில்லை. என் படிப்பைக் காப்பாற்ற அவர் மண்வெட்டிக்குத் திரும்ப வேண்டுமா? நான் நேராக முதலாளியின் மேசைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன், ‘நீ’ உட்பட. காகிதத்தை விரித்து அந்த நான்கு எழுத்துகளைக் காட்டினேன்.

முதலாளி காகிதத்தைப் பார்த்தார். “அம்மிணி, காரு போன பொறவு இதச் சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?”

“அப்பா அளந்தது சரிதாங்க. நான் சொன்ன அளவுதான் தப்பு.”

“அதுதான் தெரியுதுங்களே.” கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இந்தக் காயிதத்த நானும் வாங்கிப் பாத்தனில்லீங்க? இங்கிலீசு தெரிஞ்சவனாட்டத் தலைய வேற ஆட்டிப்போட்டேன். உங்களுக்காச்சும் அந்த நாலு எழுத்து தெரிஞ்சுது.” எழுந்து போய் அப்பாவிடம், “ஹெட்டக் கழட்டுங்க,” என்றார். மாதச் சம்பளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி மக்கை அப்பி அளந்தார்கள். அதே அளவு. பிஸ்டன் தலையில் வால்வுக்கு நேராகக் குழி வெட்டினால் இடைவெளி கூடும். ஆனால் அதற்கு எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பிஸ்டன்களைக் கோயமுத்தூர் கொண்டுபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நடக்காது. பழைய கேம் ஷாஃப்டையே திரும்பப் போட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் காரின் சொந்தக்காரர் வந்தார். நானும் போய் நின்றேன். முதலாளி சொல்லி முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஒரு வார்த்தை புரியலைன்னா கேக்கத் தெரியாதா உனக்கு?”

“கேட்டிருக்கணும் சார்.”

“டிகிரி படிச்ச ஆள்கிட்ட குடுத்திருக்கணும். என் புத்தி.”

“டிகிரி படிச்சவங்க பம்பாயில இருக்கறாங்க சார், காரு இங்க இருக்குது,” என்றார் முதலாளி. “இந்தப் புள்ள வாயத் தொறக்கலீன்னா நீங்க நாளைக்கு எந்த வளைவுல நின்னிருப்பீங்களோ.”

அப்பா அறுத்த மக்குத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினார். காரின் சொந்தக்காரர் தன் பெட்டியிலிருந்த மைக்ரோமீட்டரை எடுத்து மெதுவாக, நசுங்காமல் அளந்தார். “ஃபிஃப்டி ஒன்,” என்றார். தௌ கணக்கில் அது எங்கள் ஒன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர்தான். இன்னொரு முறை அளந்தார். துண்டை அப்பாவின் கையில் திருப்பி வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். பந்தயத்தில் எந்த இடத்துக்கு வந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. முதல் மூன்றுக்குள் இல்லை என்று மட்டும் தெரியும்.

அடுத்த பத்து நாட்கள் அப்பா வேலைக்குப் போனார், வந்தார். லீவு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அதே கார் ஒர்க்ஷாப்புக்கு வந்தது. பிஸ்டன்களில் குழி வெட்டிப் பெரிய கேம் ஷாஃப்டைப் போடச் சொன்னாராம். அளவை அந்தச் சிலோன்காரரே எடுக்கட்டும் என்றும் சொன்னாராம்.

அப்பா பிஸ்டன்களைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கோயமுத்தூர் போனார். அங்கே லேத்துப் பட்டறையில் குழிகள் வெட்டி முடியும்வரை பக்கத்திலேயே நின்று, மறுநாள் திரும்பினார். நான் நான்கு பக்கத்தையும் முதலிலிருந்து படித்தேன். இந்தமுறை ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லி, புரியாத இடத்தில் புரியவில்லை என்றேன். பதினொரு இடம் இருந்தது. “அம்மிணி, ‘தி’ங்கறதுக்குமா அர்த்தம் கேப்பீங்க?” என்றார் முதலாளி. அப்பாவுக்கு அதில் ஏழு தெரிந்திருந்தது. மீதி நான்கை என் டைப்ரைட்டிங் மாஸ்டரிடம் கேட்டு வந்தேன்.

மக்கு இன்லெட் பக்கம் இரண்டு புள்ளி மூன்று காட்டியது. எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டு புள்ளி ஆறு. சனிக்கிழமை கார் கோத்தகிரி ரோட்டில் ஏறி, பெரிய சத்தத்தோடு திரும்பி வந்தது. சொந்தக்காரர் இறங்கி முதலாளியிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார். மாலையில் கதவைச் சாத்தும்போது, “திங்கக்கிழமையிலிருந்து மாசச் சம்பளமுங்க. எட்டு மணிக்கு வந்துருங்க,” என்றாராம் முதலாளி. அப்பா வீட்டுக்கு வந்து அதை அப்படியே, கோயமுத்தூர்ப் பேச்சில், சொல்லிக் காட்டினார்.

திங்கட்கிழமை காலை எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்கு அம்மா மட்டும் போனாள். பஸ்ஸுக்குப் போகும் வழியில் நானும் நின்றேன்.

“ஒம் புருஷன் எங்க? லீவு முடிஞ்சிருச்சே,” என்றார் மேஸ்திரி.

“அவரு இனி வரமாட்டாருங்க. பேர அடிச்சிருங்க.”

“அடிச்சா அடிச்சதுதான். நாளைக்கு அழுதுக்கிட்டு வந்து நின்னா சேக்க மாட்டேன்.”

“வந்தா நான் அடிச்சு வெரட்டுறேன், நீங்க கவலப்படாதீங்க,” என்றாள் அம்மா. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

மேஸ்திரி நோட்டைத் திருப்பி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். இத்தனை வருடமும் அப்பாவின் பெயரை ஒரு எழுத்துப் பிழையோடுதான் எழுதி வந்திருக்கிறார்கள். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கோடு அந்த எழுத்தைத் தாண்டிப் போய்விட்டது.