கவர் போட்டுக்கிட்டுத்தான் வரணும்

சிங்கப்பூரிலிருந்து மாமா போன் பண்ணினால் எங்கள் வீட்டில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றி நின்று கேட்பது வழக்கம். கப்பல் விஷயமும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. முழுப்பரீட்சை லீவுக்கு அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சிங்கப்பூர் போவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. இப்போது அதற்கும் மேலே போய், இரண்டு ராத்திரி கடலில் தங்குகிற உல்லாசக் கப்பலில் டிக்கெட் போட்டுவிட்டதாக மாமா சொன்னார். கப்பலில் சினிமா உண்டு, வேண்டுமளவு சாப்பாடு உண்டு, மொட்டைமாடியில் நீச்சல் குளமும் உண்டு. சுற்றிலும் கடல் கிடக்கும்போது மாடியில் எதற்குத் தண்ணீர்த் தொட்டி என்று அப்பா கேட்டதை மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அங்கே கப்பல் பட்டறை ஒன்றில் சேஃப்டி சூப்பர்வைசர். ஹெல்மெட் போடு, பெல்ட்டை மாட்டு என்று நாள் முழுக்க ஆட்களை அதட்டி அதட்டி, அக்கா வீட்டுக்குப் பேசும்போதும் அவருக்கு அந்தக் குரல்தான் வரும். அன்றும் கப்பலில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில், "முக்கியமா ஒண்ணு மச்சான். நீச்சல் குளத்துலேருந்து ரூமுக்கு வர்றப்ப கவர்..." என்றபோது லைன் கரகரத்தது. "போட்டுக்கிட்டுத்தான் வரணும். ஈரத்தோட அப்படியே வந்தா ஒத்துக்க மாட்டாங்க" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அப்பா கொஞ்சமும் கவலைப்படவில்லை. அறந்தாங்கியில் எங்களுக்கு உரக்கடை. எந்தப் பொருளையும் வீணாக்காத மனிதர். ஜவுளிக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை என்று எங்கே கொடுத்த கவராக இருந்தாலும் உதறி மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துவிடுவார். என் கட்டில் மெத்தை ஒரு பக்கம் மேடாகவே இருந்ததற்கு அதுதான் காரணம். சொட்டச் சொட்ட நடந்தால் கம்பளம் பாழாகும், அதற்காகத்தான் காலில் கவர் போடச் சொல்கிறான், நியாயந்தானே என்று அவரே விளக்கமும் கண்டுபிடித்தார். காலில் மாட்டிய கவர் கழன்றுவிடாமல் இருக்க ரப்பர் பேண்டு வேறு. அளவு பார்ப்பதற்காக என் காலில் ஜவுளிக்கடைக் கவர்களை மாட்டி ஹாலில் நடக்கவிட்டார். சரக் சரக்கென்று நடந்து காட்டினேன். வழுக்கவில்லை, எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஒரு கட்டுக் கவரைப் பெட்டியில் வைத்தார்.

அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவள் நினைப்பெல்லாம் குளத்தில் இருந்தது. அம்மாவுக்குப் பிறந்த ஊர் கந்தர்வக்கோட்டைப் பக்கம். முந்திரிக்காட்டை ஒட்டி அவர்களுக்கு ஒரு பெரிய கிணறு உண்டு. அதில் குதித்துத்தான் வளர்ந்தாள். மாமாவின் இடுப்பில் கயிற்றைக் கட்டித் தண்ணீரில் இறக்கி, நீச்சல் பழக்கிவிட்டதே அவள்தான். வயசுக்கு வந்ததும் அதெல்லாம் நின்றுபோனது. கிணற்றில் இறங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையாம். ஈரப் பாவாடையோடு டீக்கடை வழியாக வீட்டுக்கு நடந்து வரக் கூடாது, அவ்வளவுதான். டீக்கடையைத் தாண்டாமல் வீட்டுக்கு வர வேறு வழி கிடையாது. மாமா மட்டும் இடுப்பில் துண்டோடு அதே டீக்கடையில் நின்று வடை தின்றுவிட்டு வருவார். இதை அம்மா சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கல்யாணமாகி வந்த அறந்தாங்கி வீட்டில் போர்த் தண்ணீரும் வாளியும்தான். நீந்துகிற அளவு தண்ணீரில் அவள் அதன்பிறகு இறங்கவே இல்லை.

கப்பலில் எங்களுக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாத, தீப்பெட்டி போன்ற ஒரு ரூம். பக்கத்து ரூம் மாமாவுக்கு. வெளியே முடிவே இல்லாத நடைபாதை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், ஒரே மாதிரி விளக்குகள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் யார் யார் ரூமிலோ சாவிக் கார்டைச் சொருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கீழே பார்த்தபடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தக் கம்பளத்துல மீன் போட்டிருக்கான் பாத்தியா? எல்லா மீனும் ஒரே பக்கமாத்தான் போவுது. அதுதான் கப்பலோட முன்பக்கம். லிப்டை விட்டு எறங்குனா மீனு போற பக்கமே நடந்தா நம்ம ரூமு வந்துரும்."

மாமாவே அசந்துபோனார். அதன்பிறகு கண்ணை மூடிக்கொண்டு ரூமுக்குப் போகிற தைரியம் எனக்கு வந்துவிட்டது.

குளத்துக்குப் போக முடிவு செய்தது மறுநாள் மத்தியானம். அதற்கு அடுத்த நாள் காலையில் கப்பல் கரைக்குத் திரும்பிவிடும். ஆகவே அம்மாவுக்கு அந்த ஒரு மத்தியானம்தான். மாமா முன்யோசனையாகச் சிங்கப்பூரிலேயே அவளுக்கு நீச்சல் உடை வாங்கி வைத்திருந்தார். முழுக்கை, கணுக்கால் வரை கால்சட்டை, மேலே ஒரு குட்டைப் பாவாடை. சுடிதாரைவிட அடக்கமாகத்தான் இருக்கிறது என்று அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். குளிர்ச்சியாக இருந்த அந்தத் துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் அப்பா பெட்டியைத் திறந்து கவர் கட்டை வெளியே எடுத்தார்.

மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "கவருன்னா இந்தக் கவரா மச்சான்? நான் சொன்னது கவர்-அப்பு. ஈரத்துணிக்கு மேல போட்டுக்கிற ஒரு உடுப்பு."

அப்பா வருத்தப்படாமல் கவர்களைத் திரும்ப மடிக்கத் தொடங்கினார். அம்மாவுக்குத்தான் யோசனை வந்தது. நீச்சல் உடை அடக்கமானதுதான். ஆனால் நனைந்தால் உடம்போடு ஒட்டும். தண்ணீருக்குள் இருக்கிறவரை கவலையில்லை. வெளியே வந்து, நாற்காலி நாற்காலியாக ஆட்கள் படுத்துக் கிடக்கிற தளத்தைத் தாண்டி, லிப்டில் ஏறி, நடைபாதை முழுவதும் நடந்து ரூமுக்கு வர வேண்டும். கந்தர்வக்கோட்டை டீக்கடை நடுக்கடல் வரைக்கும் வந்துவிட்டது.

"அப்ப நைட்டியப் போட்டு மேல ஒரு துண்டப் போட்டுக்கிட்டு வந்துர்றேன். அதானேடா கவரு?" என்றாள்.

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "நைட்டியா? அக்கா, எங்க கம்பெனி ஆளுங்க குடும்பத்தோட வந்திருக்காங்க. என் மானத்த வாங்காதக்கா."

பால்காரர் வந்தாலும் கேஸ் சிலிண்டர் வந்தாலும் எங்கள் தெருப் பெண்கள் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வருவார்கள். தோளில் துண்டு ஏறிவிட்டால் அது மரியாதையான உடை ஆகிவிடும். அதிலென்ன மானம் போகும் என்று எனக்கும் விளங்கவில்லை, அம்மாவுக்கும் விளங்கவில்லை. ரொம்ப நேரம் பேசி ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். நீச்சல் உடைக்கு மேல் சுடிதாரைப் போட்டுக்கொண்டு மேலே போவது, குளத்தில் இறங்கும்போது கழற்றி அப்பாவிடம் கொடுப்பது, ஏறியதும் மறுபடி மாட்டிக்கொண்டு வருவது. நைட்டி ரூமிலேயே இருக்கட்டும். கவரும் இருக்கட்டும், வெளியே காட்டிவிடாதீர்கள் என்று மாமா அப்பாவிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார்.

குளம் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. மாமா ஏணியைப் பிடித்து முறைப்படி இறங்கினார். நான் சிறுவர் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். அப்பா மடியில் அம்மாவின் சுடிதாரோடு கரை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா கரையில் நின்று தண்ணீரையே பார்த்தாள். காலை விட்டுப் பார்ப்பாள், ஏணியைப் பிடிப்பாள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவள் நான்கு எட்டுப் பின்னால் போனாள். ஓடி வந்து, முழங்காலை மடக்கி இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, அப்படியே தொபீரென்று குதித்தாள்.

தண்ணீர் எழும்பி அப்பாவைத் தலையோடு நனைத்தது. கரையில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். குளத்துக்காரர் விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தார். சேஃப்டி சூப்பர்வைசரான மாமா மார்பளவுத் தண்ணீரில் நின்று அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அம்மா குளத்தின் அந்தக் கோடியில் தலையைத் தூக்கினாள். முகத்தை வழித்துவிட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அப்பா மடியிலிருந்த சுடிதாரைத் தூக்கிப் பார்த்தார். பிழிந்தால் ஒரு செம்புத் தண்ணீர் வரும். "கவர்ல போட்டுக் கொண்டாந்திருந்தா நனைஞ்சிருக்காது மாப்ள" என்றார். குளத்தங்கரையில் கொடுக்கிற துண்டையோ அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே நைட்டிதான் வர வேண்டும், அதுவரை அம்மா தண்ணீருக்குள்ளேயே காத்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

வேலை என் தலையில் விழுந்தது. அம்மா கரைக்கு வந்து, "ஓடாத பாப்பா. வழுக்கும். மெதுவாப் போயி மெதுவா வா" என்றாள். நானா மெதுவாகப் போவேன்? என் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு, லிப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி, மீன்களோடு சேர்ந்து ஓடி, நைட்டியை எடுத்துக்கொண்டு பறந்து வந்தேன். அம்மா மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அதுக்குள்ளயா வந்துட்ட?" என்றாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"துண்டு எங்க? துண்டு இல்லாம எப்படி வர்றது?"

திரும்ப ஓடினேன். துண்டோடு வந்தபோது முன்னைவிடச் சீக்கிரம். அம்மா ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாமாவால் அவளைப் பிடிக்க முடியவில்லை. கரையைத் தொட்டவள் துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொஞ்சம் யோசித்தாள். "ஈரத்துணிய எதுல போடுறது? ஒங்கப்பா கொண்டாந்த கவரு ஒண்ணு வேணுமே" என்றாள். இந்த அம்மாவுக்கு எதையும் ஒரே தடவையில் சொல்லத் தெரியாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஓடத் தயாராக நின்றேன்.

அப்பா எழுந்துவிட்டார். "நீ உக்காரு. நான் போயி எடுத்தாரேன்" என்று கார்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

போனார், போனார், வரவே இல்லை. நான் ஒரு ஐஸ்கிரீம் தின்று முடித்தேன். குளத்துக்காரர் ஷிப்டு மாறிப் போய்விட்டார். மாமாவுக்கு விரலெல்லாம் சுருங்கி, குளிரெடுத்துக் கரையேறிவிட்டார். அம்மா மட்டும் சளைக்காமல் நீந்தினாள். முங்கினாள், மிதந்தாள், கண்ணை மூடிக்கொண்டு வானத்துக்கு முகத்தைக் காட்டிக் கிடந்தாள். அப்பாவைத் தேடிப் போகட்டுமா என்று நான் கேட்டது அவள் காதில் விழவில்லை. தண்ணீர் புகுந்திருக்கும்.

வெயில் சாய்ந்த பிறகு தற்செயலாகத் திரும்பினேன். தளத்துக்கு வருகிற கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார். நனைந்த சட்டை உடம்பிலேயே காய்ந்திருந்தது. கையில் நகைக்கடைக் கவர். எங்கே திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறார் பாவம் என்று, துள்ளிக் குதித்துக் கையை ஆட்டினேன்.

"அப்பா! இங்கிட்டு! இங்கிட்டு வாங்க!"

அப்பா என்னைப் பார்த்ததும் முகத்திலிருந்த சிரிப்பைச் சட்டென்று மாற்றிக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே வந்தார். அம்மாவும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். இன்னும் ஒரே ஒரு சுற்றுப் போய்விட்டு ஏணிக்கு வந்தாள்.

ரூமுக்குத் திரும்பிய ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடர்நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட நைட்டி, மேலே அறந்தாங்கித் துண்டு, கையில் நகைக்கடைக் கவர், அம்மா நடுவில் நிமிர்ந்து நடந்தாள். மாமா யாரோ போல வெகுதூரம் முன்னால் போனார். ஆனால் லிப்டில் எல்லோரும் ஒன்றாகத்தானே நிற்க வேண்டும்? அங்கே இருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நைட்டியின் கையைத் தொட்டுப் பார்த்து, பியூட்டிஃபுல் கவர் அப், எங்கே வாங்கினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா மாமாவின் பக்கம் திரும்பி, "கேட்டியாடா? கவருன்னு அவங்களே சொல்லிட்டாங்க" என்றாள். மாமா லிப்டின் கூரையைப் பார்த்தார்.

ஊருக்கு வந்த பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் சொன்னேன். அம்மா குதித்ததைச் சொல்வேன், நைட்டியைச் சொல்வேன், கடைசியில் மறக்காமல் அப்பா வழி தெரியாமல் தவித்ததைச் சொல்வேன். நான் கண் மூடித் திறப்பதற்குள் செய்த வேலைக்கு இவருக்கு ஒரு சாயங்காலமே ஆயிற்று என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "ஆமாங்க, எல்லாக் கதவும் ஒரே மாதிரில்ல இருந்துச்சு" என்று ஒப்புக்கொள்வார். மீன் போகிற பக்கம் நட என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான் என்பது, அத்தனை தடவை சொன்னபோதும் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.