செல்வி அக்கா நோட்டில் எழுதி வைத்த நம்பர்

இன்று காலை தேனாம்பேட்டை ஆபீஸில் என் மேஜை மேல் ஒரு மெமோ.

எனக்கில்லை. செல்வி அக்காவுக்கு.

எங்கள் ரத்தப் பரிசோதனை லேபின் சிந்தாதிரிப்பேட்டை கிளையைத் தனி ஆளாக நடத்துகிறவர் அவர். அந்த ஒரு கிளைதான் இன்னும் டெலிபோன் லைனில் டயல்-அப் செய்து எங்கள் சர்வருக்குள் வருகிறது. (அந்தச் சந்துக்குள் ஃபைபர் இழுக்க எவனும் வரவில்லை. சிரிக்காதீர்கள்.)

ஆயுத பூஜை லீவு முடிந்த முதல் நாள். அக்காவால் ஒரு ரிப்போர்ட்கூட இறக்க முடியவில்லை. மற்ற கிளைகள் எல்லாம் ஓடுகின்றன.

"அந்தம்மா மோடத்தைத் தொடைக்கறேன்னு கெடுத்து வச்சிருக்கா. டெக்னிகல் ரீசன் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுப்பா" என்றார் மேனேஜர்.

இது அக்காவுக்கு மூன்றாவது மெமோ. மூன்று ஆனால் வேலை போய்விடும்.

பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கில்லை. போன் போட்டேன்.

"அக்கா, மோடத்தை என்ன பண்ணீங்க?"

"இன்னா பண்ணுவாங்க? பொட்டு வெச்சு கற்பூரம் காட்டுனேன். லைனு கனெக்ட் ஆவுது தம்பி. உள்ளதான் ஒண்ணும் வரமாட்டேங்குது."

"கனெக்ட் ஆனதும் ஐபி அட்ரஸ்னு ஒரு நம்பர் வருமே, அதைப் படிங்க."

"169.254-ன்னு ஆரம்பிக்குது. லீவுக்கு முன்னாடி 192-தான். டெய்லி நோட்டுல எழுதிக்கினு வர்றேன்ல. நீதான எழுத சொன்ன?"

(சொன்னேனாம். போன வருடம், ஏதோ எரிச்சலில்.)

அந்த நோட்டுதான் எல்லாம்.

டயல் செய்கிறவருக்கு நம்பர் கொடுப்பது எங்கள் டயல்-அப் சர்வர். அது அந்த நம்பர்களைப் பக்கத்தில் உள்ள இன்னொரு மெஷினிடம் கேட்டு வாங்கும். கிடைக்காவிட்டால் தானாகவே 169.254-ல் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடும். லைன் கிடைக்கும், எங்கும் போக முடியாது.

ஆக, கோளாறு அக்காவிடம் இல்லை. எங்களிடம்.

"சார், பூஜை முடிஞ்சு சர்வர் ரூமை யார் ஆன் பண்ணது?"

"நான்தான். ஏழரைக்கு ராகு காலம். அதுக்குள்ள சந்தனம் வச்ச சர்வரை மட்டும் போட்டுட்டேன். இன்னொண்ணு துணி மூடிண்டு இருந்தது, ஒம்பது மணிக்கு மேல போட்டேன். ஏன்?"

டயல்-அப் சர்வர் எழுந்து நம்பர் கேட்டபோது கொடுக்க வேண்டிய மெஷின் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பழைய சர்வர் ஒரு தடவைதான் கேட்கும். மானஸ்தன்.

டயல்-அப் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். அக்காவை மறுபடி டயல் செய்யச் சொன்னேன்.

"192 வந்துச்சு தம்பி. ரிப்போர்ட்டு இறங்கிக்கினு கீது. நோட்டுல எழுதிக்கட்டா?"

"எழுதுங்கக்கா. தினமும் எழுதுங்க."

ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை. பத்து நிமிடம். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன், ஆனால் பாதி காலர் அக்காவுடையது.

மேனேஜர் மெமோவைத் திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் எந்த மெஷினை முதலில் ஆன் செய்ய வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதி, சர்வர் ரூம் கதவில் ஒட்டிவிட்டேன்.

டெக்னிகல் ரீசன் கேட்டாரே, அதையும் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"காரணம்: ராகு காலம்."