கோப்பை மெத்தைக்குள்ள இருந்த ஊசி

எனக்கு இன்னும் கோபம் தீரல. அத மொதல்லயே சொல்லிடறேன். ஆத்தா சந்நிதியில நின்னு சொல்றதால பொய் கலக்க மாட்டேன். எல்லாரையும் மன்னிச்சுட்டேன்னு சொல்லி உங்க கண்ணுல தண்ணி வரவைக்க நான் வரல. நடந்தத சொல்ல வந்தேன்.

என் பேரு அஞ்சலை. மலாயாவுல கூலாய் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறேன். ரப்பர் விலை படுத்துப்போயி, வேலையில்லாத சனங்கள கப்பல் கப்பலா ஊருக்குத் திருப்பி அனுப்பின சமயம் அது. அந்த நேரம் பாத்து என் வீட்டுக்காரர் கால்மேல மரம் சாஞ்சுது. ரெண்டு எடத்துல எலும்பு ஒடஞ்சு தோட்டத்து ஆஸ்பத்திரியில கெடந்தாரு.

மத்தியானத்துல சும்மா இருக்க முடியாம நான் ஊசி நூலை எடுத்தேன். மாவு சாக்க வெளுத்து மூணு மடிப்பா உள்ள வெச்சு, மேல பழைய சேலைத்துண்டுங்கள ஒட்டுப் போட்டு, நெருக்க நெருக்கமா ஓட்டுத் தையல் போடுவேன். உள்ளங்கை அகலத்துல சின்ன மெத்தை. சூடான கோப்பைய அதுமேல வெச்சா மேசையில தடம் விழாது. இன்னொண்ணு கொஞ்சம் நீளமா, கோப்பை பக்கத்துல பிஸ்கோத்தோ வடையோ வைக்கிற மாதிரி. கூலாய் ரயிலடிக்கு எதிர்ல சீனர் கோப்பிக் கடை இருந்துச்சு. கடை மொதலாளி தவுக்கே தொட்டுப் பாத்துட்டு, எல்லா மேசைக்கும் வேணும்னாரு. ஞாயித்துக்கிழமை ரயிலுக்கு நிக்கறவங்களும் வாங்குவாங்க.

எங்க தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி ஒரு நாள் நாங்க குடியிருக்கிற லயத்துக்கு வந்து ஆறு மெத்தைய எடுத்துக்கிட்டாரு. "துரைசானிக்குக் காட்டணும்"னாரு. மெத்தையும் திரும்பி வரல, காசும் வரல. பங்களா சமையக்காரர்தான் சொன்னாரு: "தன் சம்சாரம் கிராணியம்மாவோட கைவேலைன்னு சொல்லிக் குடுத்திருக்காரு. துரைசானிக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு." அப்புறம் கிராணி மாசாமாசம் ஆள் அனுப்புவாரு. நானும் குடுத்தேன். கிராணிய எதுத்தா, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல என் பேரே கூப்பிட மாட்டாரு, அன்னிக்குக் கூலி போச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டுக் குடுத்தேன்.

ஒரு நாள் அதுல ஒரு மெத்தைக்குள்ள ஒடஞ்ச ஊசிமுனை இருந்திருக்கு. துரையோட சின்னப் பொண்ணு அதப் புடிச்சு வெளையாடுறப்ப விரல்ல ஏறிடுச்சு. டாக்டர் விரலக் கீறித்தான் எடுத்தாராம். துரைசானி கிராணியக் கூப்பிட்டுக் கேட்டாங்க. அவரு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. "அது லயத்து அஞ்சலை தெச்சது"ன்னுட்டாரு.

திங்கக்கிழமை காலையில பெரட்டுக்கு நின்னேன். அத்தனை பேர் முன்னால சொன்னாரு: "பால் கத்தியக் குடுத்துடு. மூணு நாள்ல லயத்தக் காலி பண்ணிட்டு உன் புருசனையும் தூக்கிட்டுப் போ."

"ஐயா, நல்லா இருந்தப்ப உங்க வீட்டுது. ஊசி குத்தினதும் என்னுதா?"

"கூலிக்காரிக்கு என்ன வாய்"னாரு.

என்கூட வெட்டுறவங்க, என் சோத்தத் தின்னவங்க, எல்லாரும் தரையப் பாத்தாங்க. அதையும் நான் மறக்கல.

மறுநாள் உச்சி வெயில்ல இந்த ஆத்தா முன்னால வந்து நின்னேன். நான் கும்பிடல. வெறுங்கையோடதான் வந்தேன். "பாத்துக்கிட்டுத்தானே உக்காந்திருக்க? கால் ஒடஞ்ச மனுசன நான் எங்க தூக்கிட்டுப் போவேன்? வருசாவருசம் உனக்கு மொளப்பாரி எடுத்தேனே, எதுக்கு?"ன்னு கத்தினேன். தொண்டை கட்டிப்போச்சு. கடைசியா ஒண்ணு கேட்டேன். "அந்த ஊசி என்னுதுன்னா என் கையை முடக்கிப் போடு. என்னுது இல்லன்னா, யாருக்கு அது தெரியுமோ அவங்க வாயத் தொற." அழுககூட வரல. வீட்டுக்குப் போயி சட்டிபானையக் கட்ட ஆரம்பிச்சேன்.

வியாழக்கிழமை காலைப் பெரட்டு. கெடு முடிஞ்ச நாள், என் கணக்கத் தீத்துக்க நானும் போயி நின்னேன். அன்னிக்குத் துரையே வந்து நின்னாரு. அப்ப கிராணியம்மா வந்தாங்க. வீட்டு வாசலத் தாண்டாத பொம்பள. கையில ஒரு மெத்தை. நேரா துரை முன்னால போயி நின்னாங்க. துரைக்கு நம்ம பேச்சு நல்லாத் தெரியும்.

"அந்த ஊசி என்னுதுங்க"ன்னாங்க. "எல்லாம் அஞ்சலை தெச்சது. துரைசானி என்னைப் புகழப் புகழ எனக்கு ஒடம்பு கூசிச்சு. ஒண்ணாவது நெசமாவே நான் தெச்சதா இருக்கட்டும்னு உக்காந்தேன். ஊசி ஒடஞ்சுது. முனையத் தேடினேன், கெடைக்கல. வாயத் தொறக்கக்கூடாதுன்னு இவரு சொன்னாரு."

"உள்ள போ"ன்னாரு கிராணி.

"போகமாட்டேன்"னாங்க அந்தம்மா.

கையில இருந்தது அவங்க தெச்ச இன்னொரு மெத்தை. துரை அத வாங்கிப் பாத்தாரு. எட்ட எட்டமா கோணல் தையல், ஊசி குத்தின மெத்தையில இருந்த மாதிரியே. என் தையல் அவரு வீட்டுலயே கெடக்கே, அவருக்குத் தெரியாதா. "அஞ்சலை, வேலைக்குப் போ"ன்னாரு. அவ்வளவுதான். தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை இல்ல. கிராணியும் கிராணியாவே இருக்காரு. இந்தக் கோபம் எனக்கு எப்படித் தீரும்?

பிற்பாடு கிராணியம்மாவக் கேட்டேன்: "எப்பம்மா சொல்லணும்னு தோணுச்சு?"

"செவ்வாக்கெழம மத்தியானம். தட்டுல சோறு போட்டு உக்காந்தேன். தொண்டையில எறங்கல. இத சொல்லாம இனி ஒரு வாய் எறங்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. துரை வர்ற நாளுக்காக ரெண்டு நாள் காத்திருந்தேன்"னாங்க.

நான் இங்க நின்னு கத்தின அதே நேரம். அப்பதான் அழுதேன். அன்னிக்கு வந்து ஆத்தா கால்ல விழுந்தேன்.

என் வீட்டுக்காரர் இப்ப கம்பு ஊனி நடக்கறாரு. துரைசானி சமையக்காரர அனுப்பி காசு குடுத்துத்தான் மெத்தை வாங்கறாங்க. சும்மா யாருக்கும் குடுக்கறதில்ல. ஒவ்வொண்ணையும் என் கன்னத்துல அழுத்திப் பாத்துட்டுத்தான் விக்கறேன். பெரட்டுல யாருக்காவது அநியாயம் நடந்தா நான் தரையப் பாக்கறதில்ல.

உங்கள்ல யாருக்காவது நெஞ்சு எரிஞ்சா, அத அமத்திட்டு நல்லவளாட்டம் இங்க வந்து நிக்காதீங்க. எரியறதோடவே வாங்க. நம்ம ஆத்தாளும் கோவக்காரிதான், அவளுக்கு அது புரியும். கேக்கறத நேரா கேளுங்க. கேட்டவளுக்கு அவ பதில் சொல்லுவா. எனக்கு சொன்னா.