முதுகைக் காட்டி நின்ற வீடு

அந்தத் தெருவில் தையல்காரம்மாவின் வீடு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். தெருப்பக்கம் வாசல் கிடையாது, சன்னல்கூடக் கிடையாது, வெறும் சுவர். துணி கொடுக்க வருகிறவர்கள் பின்பக்கச் சந்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து சமையலறைக் கதவைத் தட்ட வேண்டும். அப்படியும் வந்தார்கள். கைவேலை அப்படி. வாய்தான் கொஞ்சம் நீளம். அளவெடுக்கும்போதே, "நாடாவுக்கு எட்டல, அடுத்த தடவை கயிறுதான் கொண்டு வரணும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

ஒரு காலத்தில் முன்னால் வாசல் இருந்தது. படியை உரசிக்கொண்டு லாரிகள் போகும். தையல்காரம்மாவுக்கும் அவள் கணவருக்கும் ஒரே மகள், பல் விழுந்து முளைக்கிற வயது, சாயங்காலம் விளையாட ஓடியவள் அந்தப் படியைத் தாண்டித் திரும்பவில்லை. எல்லாம் முடிந்து சொந்தபந்தம் கிளம்பிப் போனதும், கொத்தனாரான அப்பா கதவைக் கழற்றினார். செங்கல் வைத்து அடைத்தார். பூச்சு காய்வதற்குள் தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

விளக்குப் போடும் நேரத்தில்தான் கேட்கும். சின்னக் கை தட்டும் சத்தம். மாடியில் மெஷின் முன்னால் இருந்த தையல்காரம்மாவுக்கு முதல் நாள் தையல் கோணலாக ஓடிவிட்டது. பிறகு அந்த நேரத்துக்கு மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கப் பழகினாள். குழந்தை வீட்டுக்குள் வரத் தட்டுகிறாள், விட வழியில்லையே என்று நெஞ்சை அறுக்கும். சுவரை இடிக்கச் சொல்லவும் பயம். இடித்தால் அந்தச் சத்தமும் போய்விட்டால்? வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. அவரோ அதே நேரத்துக்கு இருட்டு முன்னறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். திருட்டுச் சிகரெட் என்று அவள் நினைத்திருந்தாள்.

வருஷங்கள் போய், நகரமைப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் சுருட்டிய வரைபடத்தோடு சந்து வழியாக வந்தாள்.

"இனிமே இந்தத் தெருவுல வண்டியே வராதும்மா. நடக்கறவங்களுக்கு மட்டும்தான். கீழ கடை, மேல வீடு, இதுதான் புது விதி. நீங்களும் தெருப்பக்கமே கடை போட்டுக்கலாம்."

"எனக்குப் பின்னாடியே நடக்குது."

"ஆனா தெருவைப் பார்த்து வெறும் சுவர் இருக்கக் கூடாது. இருந்தா அந்தப் பக்கம் நடக்கவே ஆளுங்க பயப்படுவாங்க."

"பயப்படட்டும்."

"அம்மா, நீங்க வாசல் வைக்கலன்னா அலுவலகம் வீட்டை எடுத்துக்கிட்டு வேற இடம் குடுத்துடும். யோசிச்சுச் சொல்லுங்க."

வேறு இடத்துக்குப் போனால் குழந்தை எந்தச் சுவரில் வந்து தட்டுவாள்? அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"வாசல் வெச்சுடலாமா?" என்றார் கொத்தனார்.

"வெச்சா அவ தட்டமாட்டா." வாய் தவறி வந்துவிட்டது.

அவர் பிசைந்த சோற்றைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். "உனக்கும் கேக்குதா?"

இத்தனை வருஷம் ஒரே கூரைக்கடியில் இருவரும் ஒன்றையே ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள்.

"நான் சுவத்துல கை வெச்சுப் பார்த்திருக்கேன்," என்றார். "அவ வெளியேருந்து தட்டல. உள்ளேருந்து தட்டறா. என் கைக்குப் பக்கத்துல. விளையாடப் போகணுமாம். லாரி ஓடற தெருவுல நான் எப்படி விடறது?"

அவள் வாய்விட்டு அழுதாள். அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை.

தெருவில் கல் பாவினார்கள். வண்டி நுழையாதபடி இரண்டு முனையிலும் இரும்புக் கம்பம் நட்டார்கள். அலுவலகத்துப் பேச்சை நம்புகிற ஆளா அவள்? லாரி ஓடிய இடத்தில், நட்டநடுத் தெருவில் நாற்காலி போட்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஒரு சக்கரம் வரவில்லை. வீட்டுக்குள் வந்து, "இடிங்க" என்றாள்.

அடைத்த கையாலேயே அவர் இடித்தார். பழைய கதவையே மாட்டினார். விளக்குப் போடும் நேரம் வந்தது. தெரு நிறைய ஆட்கள் கால்வீசி நடந்தார்கள், எங்கோ பிள்ளைகள் கத்தினார்கள். இருவரும் முன்னறையில் காது கொடுத்து நின்றார்கள். தட்டும் சத்தம் இல்லை.

அவள் போய்க் கதவை அகலத் திறந்தாள்.

"இருட்டறதுக்குள்ள வந்துடு," என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு செங்கல் தூளைப் பெருக்கினார். இருட்டியது. கடைகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்தக் கதவை மூட இருவருக்குமே கை வரவில்லை.