பழுத்த குரல்

காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிற அவருக்கு 'வெண்கலம்' என்றுதான் பெயர். "தக்காளி" என்று அவர் எடுத்தால் லாரியில் தூங்குகிற டிரைவர் எழுந்து உட்காருவார். வீட்டிலும் அதே சத்தம்தான். உப்புக் கேட்டால்கூட ஏலம் விடுகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி சலித்துக்கொள்வாள்.

அந்தக் குரல் ஒருநாள் கம்மியது. வேறு தொழிலாக இருந்தால் யாராவது கவலைப்பட்டிருப்பார்கள். சந்தையில் சந்தோஷப்பட்டார்கள். தொண்டை கரகரத்துவிட்டால் குரல் பழுத்துவிட்டது, ஆள் பெரிய ஏலக்காரராகிவிட்டார் என்பது அவர்கள் கணக்கு. மூத்தவர்கள் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். மண்டி முதலாளி வெங்காய ஏலத்தையும் அவரிடமே ஒப்படைத்தார். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு வலது காது வலித்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே விலை பேசுகிறவர். அதனால்தான் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டார். கழுத்து வலி வந்தபோதும் அதே போனைத் திட்டிவிட்டுத் தைலம் தேய்த்தார். விழுங்கும்போது வலித்தால் வெந்நீர். ஒவ்வொரு வலிக்கும் ஒரு காரணம், ஒரு மருந்து. வலி மட்டும் போகவில்லை.

மனைவியைப் பயமுறுத்தியது வேறொன்று. அவருடைய சட்டைகள் தொளதொளத்துப் போயிருந்தன; ஆள் இளைத்திருந்தார். ஆனால் கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள், கெட்டியாக இருந்தது. அவர் சொன்ன சாக்குப்போக்கு எதையும் காதில் வாங்காமல், இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

காதில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் தொண்டையைப் பார்த்தவர் உடனே சில சோதனைகளுக்கு எழுதிக்கொடுத்தார். சதைப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்த பிறகுதான் விவரம் சொன்னார்.

"வலி காதுல தெரிஞ்சாலும் கோளாறு தொண்டையிலதாங்க. நரம்பு அப்படி. நிறையப் பேருக்குக் குரல் கம்முறது சாதாரணத் தொண்டைப் புண்ணாலதான் இருக்கும். ஆனா மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மியிருந்தா உடனே காட்டணும்."

புற்றுநோய். உயிரைக் காப்பாற்றலாம், குரல்வளையை எடுத்தாக வேண்டும்.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தட்டிக்கொடுத்த கைகள் மேல் வந்தது, தன் மேலும் வந்தது. வீட்டில் சத்தம் குறைந்ததே, நிம்மதி என்று அவளும்தானே பேசாமல் இருந்தாள்.

"ஏலம் கூற முடியலைன்னா நான் யாரு?" என்றார் அவர்.

"என் புருஷன்."

அவர் ஆபரேஷன் சம்மதப் படிவத்தை வாங்கினார். கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அன்று ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஆள் வந்ததும், ஏதாவது பேசுங்கள் என்று அவள் கெஞ்சினாள். வாழ்நாளெல்லாம் வாயால் பிழைத்தவருக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. கதவு வரை போனபிறகுதான் தலையைத் திருப்பினார்.

"நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். அந்தக் குரலை அவள் கேட்டது அதுவே கடைசி.